மலையடிவாரத்துப் பல்கலைக்கழகம்: சிறிய உயர்கல்வி நிறுவனங்களின் நெடுங்காலத் திட்டமும் வளாகப் பராமரிப்பும்

ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் நெடுங்காலத் திட்டம் என்பது, அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் அது எத்தனை மாணவர்களுக்கு, எந்தெந்தத் துறைகளில், எந்த நிலத்தில், எந்தப் பணத்தைக் கொண்டு கல்வி தரப்போகிறது என்பதை முன்கூட்டியே எண்ணி, அதற்கேற்ப இன்றைய செலவை ஒழுங்குபடுத்துவதாகும். வளாக மேம்பாடு அத்திட்டத்தின் கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டுமே. ஆனால் நடைமுறையில் இவ்விரண்டும் இடம் மாறிவிடுகின்றன. கட்டவிருக்கும் கட்டடங்களின் பட்டியலே திட்டம் என்ற பெயரில் அச்சேறுகிறது. இந்த இடமாற்றத்தால் பெரிய பல்கலைக்கழகத்தைவிடச் சிறிய பல்கலைக்கழகமே அதிகம் துன்புறுகிறது, ஏனெனில் தவறாகக் கட்டிய ஒரு கட்டடத்தைச் சும்மா விட்டுவிட்டு இன்னொன்றைக் கட்டிக்கொள்ளும் வசதி அதற்கு இல்லை. இக்கட்டுரையில் ‘சிறிய பல்கலைக்கழகம்’ என்பது, இணைவுக் கல்லூரிகள் எவையும் இல்லாமல், பெரும்பாலும் ஒரே வளாகத்தில் இயங்கி, வருவாயின் பெரும்பகுதிக்கு மாணவர் கட்டணத்தையே நம்பியிருக்கும் நிறுவனத்தைக் குறிக்கிறது. அத்தகைய நிறுவனம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் எவ்வாறு உருவானது, அதன் எதிர்காலம் எவற்றைச் சார்ந்திருக்கிறது என்பவை இங்கு ஆராயப்படுகின்றன.

வட்டாரத்தின் உயர்கல்வி வரலாறு நீண்டதன்று. ராமன் விளைவு எனப்படும் ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பில் சி. வி. ராமனுடன் உழைத்தவரும், பின்னர் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக விளங்கியவருமான கே. எஸ். கிருஷ்ணன் 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்தார். பள்ளிப் படிப்புக்குப்பின் அவர் மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும், சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கும், அங்கிருந்து கல்கத்தாவுக்கும் போக வேண்டியிருந்தது. போக முடிந்தவர் போனார். போக முடியாதவர்களின் பெயர்களை எந்த வரலாறும் பதிவு செய்யவில்லை. நூற்பாலைகளால் வளர்ந்த ராஜபாளையத்தில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா பெயரிலான பாலிடெக்னிக் 1963-இலும், ராஜுக்கள் கல்லூரி 1973-இலும் தொடங்கப்பட்டன. 1984-இல் எம். ஜி. ஆர். தலைமையிலான அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு, அதாவது அரசின் நிதியுதவி இன்றிக் கட்டணத்தில் நடக்கும் கல்லூரிகளுக்கு, இசைவு தந்தபோது, இந்தக் கரிசல் வட்டாரத்தில் மட்டும் ஒரே ஆண்டில் மூன்று பொறியியல் கல்லூரிகள் எழுந்தன: சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க், கோவில்பட்டியில் நேஷனல், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே கிருஷ்ணன்கோவிலில் அருள்மிகு கலசலிங்கம் பொறியியல் கல்லூரி. மூன்றாவது கல்லூரியை நிறுவியவர் விடுதலைப் போராட்ட வீரரான தி. கலசலிங்கம். விருதுநகர் மாவட்டமே அதற்கு அடுத்த ஆண்டுதான் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது.

மூன்றும் ஒரே ஆண்டில் தொடங்கினாலும் ஒரே வழியில் செல்லவில்லை. மெப்கோவும் நேஷனலும் தன்னாட்சிக் கல்லூரிகளாக அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைவிலேயே நீடிக்க, கலசலிங்கம் கல்லூரி 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. நிகர்நிலை என்பது, சட்டமன்றம் இயற்றும் தனிச்சட்டத்தால் பிறக்காமல், 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 3-ஆம் பிரிவின்கீழ் மத்திய அரசின் அறிவிப்பால் கிடைக்கும் தகுதி. பாடத்திட்டம் வகுக்கவும், தேர்வு நடத்தவும், பட்டம் வழங்கவும் அது உரிமை தருகிறது. பிற கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் உரிமையைத் தருவதில்லை. இந்தத் தகுதி நிலையானது என்று எண்ணியிருந்தவர்களை இரண்டு நிகழ்வுகள் உலுக்கின. 2009-இல் டாண்டன் குழு நாட்டின் 126 நிகர்நிலை நிறுவனங்களை ஆராய்ந்து, 38 தகுதியுடையவை, 44 குறைகளைத் திருத்திக்கொள்ள வேண்டியவை, எஞ்சிய 44 அத்தகுதிக்கே ஏற்றவையல்ல என்று வகைப்படுத்தியது; தகுதியற்றவை என்று குறிக்கப்பட்டவற்றில் தமிழ்நாட்டு நிறுவனங்கள் கணிசமாக இருந்தன. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, இவை தம் பெயரில் பல்கலைக்கழகம் என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று மானியக் குழு ஆணையிட்டது. கலசலிங்கம் பல்கலைக்கழகம் என்று மக்கள் வழங்கிவந்த நிறுவனம் இன்று ஆவணங்களில் ஆராய்ச்சி மற்றும் கல்விக் கழகம் என்று குறிக்கப்படுகிறது. தகுதி, பெயர், விதிமுறை ஆகிய மூன்றும் வெளியிலிருந்து மாற்றப்படக்கூடிய நிலையில், நிலமும் நீரும் கட்டடமும் மனிதர்களும் மட்டுமே ஒரு நிறுவனம் தன் கைவசம் வைத்துத் திட்டமிடக்கூடிய பொருள்கள்.

திட்டமிடலின் கடினம் அந்தப் பொருள்களின் ஆயுள் ஒத்துப்போகாததில் இருக்கிறது. பொறியியல் மாணவரின் காலம் நான்கு ஆண்டு. தேசிய தர மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு, அதாவது 1994 முதல் பெங்களூரிலிருந்து இயங்கும் ‘நாக்’, வழங்கிவந்த தரச்சான்று பெரும்பாலும் ஐந்தாண்டுக்குச் செல்லும். கணினி ஆய்வகத்துக் கருவிகள் அவ்வளவுகூட நிற்பதில்லை. கான்கிரீட் கட்டடம் அரை நூற்றாண்டு நிற்க வேண்டும். புளியும் இலுப்பையும் ஒரு தலைமுறை கழித்தே முழு நிழல் தரும். கண்மாயின் ஆயுளோ நூற்றாண்டுக் கணக்கு. ஆயினும் இவை அனைத்துக்குமான பணம் மிகக் குறுகிய கால அளவில், அதாவது ஒவ்வொரு ஜூன், ஜூலை மாதச் சேர்க்கையில், வந்து சேர்கிறது. நான்காண்டு வருவாயைக் கொண்டு நூற்றாண்டுப் பொருளைக் காக்க வேண்டிய இந்தப் பொருத்தமின்மைதான் சிறிய பல்கலைக்கழகத்தின் அடிப்படைச் சிக்கல். கட்டட வடிவமைப்பு, தரவரிசை, நிதி என்று தனித்தனியாகப் பேசப்படும் சிக்கல்கள் பலவும் இதன் கிளைகளே.

அரசின் கருவிகள் இதை எவ்வளவு தூரம் உணர்ந்திருக்கின்றன? நாக் மதிப்பீட்டின் ஏழு அளவுகோல்களில் ஒன்று கட்டமைப்பு வசதியையும் கற்றல் வளங்களையும், மற்றொன்று நிருவாகத்தையும் திட்டமிடலையும் ஆராய்கிறது. 2016 முதல் வெளியாகும் தேசிய நிறுவனத் தரவரிசை ஆண்டுதோறும் எண்களைக் கேட்கிறது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, 2040-க்குள் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் 3000 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட பல்துறை நிறுவனமாக வளர வேண்டும் என்கிறது. அக்கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை என்றாலும், மத்திய ஒழுங்குமுறை அமைப்புகளின்கீழ் வரும் நிகர்நிலை நிறுவனங்கள் அதன் பிடியிலிருந்து விலகி நிற்க இயலாது. 2024-இல் மானியக் குழு ‘நிறுவன மேம்பாட்டுத் திட்டம்’ தயாரிப்பதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒரு நிறுவனம் தன் நோக்கம், ஆசிரியர் பலம், நிதி, கட்டமைப்பு ஆகியவற்றை நெடுங்கால நோக்கில் எழுதிவைக்க வேண்டும் என்ற கருத்து வரவேற்கத்தக்கதே. ஆனால் மதிப்பீட்டுக் குழு வரும் நாளை மனத்தில் வைத்து எழுதப்படும் ஆவணம், வரும் ஐந்தாண்டுக்குள் காட்டக்கூடியவற்றை நோக்கியே இயல்பாகச் சாயும். புதிய அரங்கத்தைப் படம் பிடித்து இணைக்கலாம். மண்ணுக்கடியில் மாற்றப்பட்ட கழிவுநீர்க் குழாயை எப்படிக் காட்டுவது? இந்தக் கேள்விக்கு அளவுகோல்கள் தெளிவான விடை தரும்வரை, பராமரிப்பு என்பது மதிப்பெண் இல்லாத பாடமாகவே இருக்கும்.

நிதிநிலையும் இச்சாய்வை வலுப்படுத்துகிறது. 2013-இல் தொடங்கி 2023-இல் பெயர் மாறிய மத்திய அரசின் உயர்கல்வி மேம்பாட்டு நிதித் திட்டம் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்குமானது. தனியார் நிகர்நிலை நிறுவனத்திற்கு அந்த வாசல் இல்லை. அதற்காக அரசுப் பல்கலைக்கழகங்கள் பாதுகாப்பாக உள்ளன என்றும் கொள்ள முடியாது. 1966-இல் தோன்றி, உயிரியல் ஆய்வில் நாடு மதித்த துறைகளை வளர்த்த மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அண்மை ஆண்டுகளில் ஊதியமும் ஓய்வூதியமுமே காலத்தில் வழங்கப்படாத நிலை ஏற்பட்டது, தென்மாவட்டக் கல்வியில் அக்கறை கொண்ட எவரையும் வருத்துவதாகும். அங்கே இத்தனை பரந்த வளாகமும் இத்தனை ஆய்வுப் பெருமையும் ஊதியச் சுமையின்முன் உதவவில்லை. தனியார் நிறுவனத்தின் இடர் வேறு வகையானது. சேர்க்கை உயரும்போது கடன் வாங்கிக் கட்டுவதும், கடனை அடைக்கச் சேர்க்கையை மேலும் உயர்த்துவதும் ஒரு சுழலாகின்றன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2024-இல் சேர்க்கை இடங்களுக்கான உச்சவரம்பைத் தளர்த்தியபின், கணினி அறிவியலிலும் அதன் கிளைகளிலும் இடங்கள் பெருகின. கட்டுமானவியல், இயந்திரவியல் துறைகளின் பெரிய பட்டறைகள் ஒரு காலத்தில் நிறைந்து, பின்னர் பல கல்லூரிகளில் காலியானதைத் தமிழ்நாடு 2010-களில் பார்த்தது. இன்றைய கணினி அலைக்காக மட்டும் வடிவமைக்கப்படும் கட்டடம் நாளை அதே நிலையை அடையலாம். ஆகவே எந்தத் துறைக்கும் இடம்கொடுக்கக்கூடிய, சுவர்களை இடம் மாற்றத்தக்க, இயற்கை வெளிச்சமும் காற்றும் உள்ள எளிய கட்டடங்களே சிறிய நிறுவனத்திற்குப் பாதுகாப்பானவை.

வளாகத் திட்டமிடல் பற்றிய உலகச் சிந்தனையில் இரண்டு போக்குகள் உள்ளன. ஒன்று, முழு வளாகத்தையும் ஒரே வரைபடத்தில் முடித்துவிடும் பெருந்திட்டம். மற்றொன்று, இருப்பதைக் கூர்ந்து பார்த்துச் சிறுகச் சிறுகத் திருத்துவது. இரண்டாவதன் வேர்களில் ஒன்று தமிழகத்திலேயே உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் கெடிஸ் 1914-இன் இறுதியில் சென்னை மாகாணத்துக்கு வந்து, மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட நகரங்களைத் தெருத்தெருவாக நடந்து ஆய்ந்து, பழைய தெருக்களை இடித்து நேராக்கும் நகராட்சிப் பழக்கத்தை எதிர்த்தார். நோயாளியின் நாடியைப் பார்ப்பதுபோல் நகரத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பதும், தேவையான இடத்தில் மட்டும் குறைந்த அளவில் அறுத்துச் சீர்செய்ய வேண்டும் என்பதும் அவருடைய முறை. பின்னாளில் இந்தூருக்கும் ஜெருசலேமுக்கும் அவர் பல்கலைக்கழகத் திட்டங்களை வரைந்தார்.

அதே முறையை ஒரு பல்கலைக்கழகத்தின் அன்றாட நிருவாகமாக மாற்றிய முயற்சி அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. கிறிஸ்டபர் அலெக்சாண்டரும் அவருடைய குழுவினரும் அங்கு வகுத்த முறை 1975-இல் நூலாக வெளிவந்தது. நிலையான பெருந்திட்ட வரைபடம் வேண்டாம் என்பது அதன் துணிவான முடிவு. எந்த இடத்தைப் பயன்படுத்துகிறார்களோ அவர்களே அதன் வடிவமைப்பில் பங்கேற்க வேண்டும். கட்டடச் செலவில் பெரிய பணிகளுக்கும் சிறிய பணிகளுக்கும் ஒத்த பங்கு ஒதுக்க வேண்டும். ஆண்டுதோறும் வளாகத்தை நடந்து பார்த்து, எந்த இடம் உயிரோடு இருக்கிறது, எந்த இடம் செத்துக்கிடக்கிறது என்பதை ஒரு வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஒரு மரத்தடியில் போடும் கல்பலகையும் நான்கு மாடிக் கட்டடமும் ஒரே திட்டத்தில் இடம்பெறுவது இம்முறையின் சிறப்பு. எல்லாம் முழுமையாக நிறைவேறியதாகச் சொல்ல முடியாது. ஆயினும் அப்பல்கலைக்கழகத்தின் வளாகத் திட்டத்தில் இக்கொள்கைகளின் தடம் இன்றும் உண்டு. இதற்கு மாறான பாடத்தை அகமதாபாத் தருகிறது. லூயி கான் வடிவமைத்து 1962 முதல் 1974 வரை எழுந்த இந்திய மேலாண்மைக் கழக வளாகம் உலகக் கட்டடக்கலையில் இடம்பெற்றது. ஆனால் செங்கல் சுவரில் இறங்கிய நீரும் துருப்பிடித்த கம்பியும் அதன் விடுதிகளை அரித்தன. 2020 டிசம்பரில் 18 விடுதிகளில் 14-ஐ இடிக்கும் முடிவு அறிவிக்கப்பட்டு, உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால் அடுத்த மாதமே திரும்பப் பெறப்பட்டது. அவ்வளவு புகழும் வளமும் உள்ள நிறுவனத்திலேயே அரை நூற்றாண்டில் கட்டடம் இந்நிலைக்கு வருமானால், சிறிய நிறுவனம் ஒழுகலை முதல் மழையிலேயே கவனித்தாக வேண்டும்.

அலெக்சாண்டர் தேடிய ‘வடிவங்கள்’, அதாவது மக்கள் நெடுநாள் பழகித் தெளிந்த இடவமைப்பு வகைகள், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களுக்குப் புதியவையல்ல. குடிநீருக்கான ஊருணி, ஊர்ப்பொதுப் பேச்சுக்கான சாவடி, ஊருக்கு வெளியிலான மந்தை, தெருவையும் வீட்டையும் இணைக்கும் திண்ணை, கோயிலையொட்டிய நந்தவனம் ஆகிய ஒவ்வொன்றும் வெயிலையும் கூட்டத்தையும் தனிமையையும் கையாள இவ்வூர்கள் கண்டுபிடித்த விடைகள். கண்ணாடி முகப்பும் மூடிய தாழ்வாரமும் உள்ள கட்டடத்தில் மாணவர் வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே நிற்க இடமின்றி மாடிப்படியில் உட்காருகிறார். ஆழமான தாழ்வாரமும் அதன் ஓரத்தில் திண்ணையும் இருந்தால் அங்கே பாடமும் விவாதமும் தாமாக நடக்கும். சித்திரை வெயிலில் மேற்குப் பார்த்த வகுப்பறையில் பிற்பகல் பாடம் நடத்திய ஆசிரியருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எல்லாவற்றிலும் முதன்மையானது நீர். வட்டாரத்தின் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை; தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மலையின் மறுபக்கத்தில் விழுந்துவிட, இப்பக்கம் ஐப்பசி கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியிருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும் அர்ச்சுனா நதி போன்ற ஆறுகளும் வைப்பாற்றில் சேர்கின்றன. வத்திராயிருப்புக்கு மேற்கே பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு அணைகள் உள்ளன. ஆயினும் இந்நிலத்தின் பழைய அறிவு அணையில் இல்லை, கண்மாய்ச் சங்கிலியில் இருக்கிறது. மேலைக் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால், அந்த நீர் வரத்துக்கால் வழியே அடுத்த கண்மாயைச் சேரும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. இச்சங்கிலியின் நடுவே ஒரு வளாகம் அமையும்போது, அதன் மதிற்சுவர் ஓர் ஓடையை மறித்தாலும், அதன் விளையாட்டுத் திடல் ஒரு வரத்துக்காலை நிரவினாலும், கீழே உள்ள ஊரின் வயல் காயும். மதிலுக்கு உள்ளே நடப்பது உள்விவகாரம் என்று ஒரு பல்கலைக்கழகம் நீர் விஷயத்தில் சொல்லிக்கொள்ள முடியாது.

ஆகவே இவ்வட்டாரத்தில் எந்த வளாகத் திட்டமும் நிலத்தின் சரிவை அளந்து, மழைநீர் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்பதை வரைந்த பின்பே சாலையையும் கட்டடத்தையும் வரைய வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். ஆனால் கூரை நீரை ஒரு குழிக்குள் விடுவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. விடுதிகளும் உணவுக்கூடங்களும் உள்ள வளாகம் நாள்தோறும் வெளியேற்றும் கழிவுநீரின் அளவு ஒரு சிற்றூரின் அளவு; அதைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் திருப்பினால் ஆழ்துளைக் கிணறுகளின்மீதான சுமை குறையும். கோடையில் விடுதிக்கு லாரி நீர் வாங்கும் நிறுவனம், அந்தச் செலவைப் பத்தாண்டுக்குக் கூட்டிப் பார்த்தால், வளாகத்துக்குள் ஓர் ஊருணி வெட்டிக் கரையைக் காப்பது வீண் செலவன்று என்பதை அறியும். கட்டுமானவியல் துறை மாணவருக்கு அந்த ஊருணியும் அதன் நீர்மட்டப் பதிவேடும் ஆய்வகமாகவும் அமையும்.

மேற்கெல்லையில் இருக்கும் காடும் திட்டத்தின் ஒரு தரப்பு. 1988-இல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021-இல் மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் ஆயிற்று. அந்தப் பெரிய அணில் தரையில் அரிதாகவே இறங்கி, கிளைக்குக் கிளை தாவி வாழ்வது. கிளைகள் தொடாத இடத்தில் அதன் உலகம் முடிந்துவிடும். வளாகத்தில் வரிசைக்கு நடும் அழகுப் பனைகளுக்கும், வேம்பு, புங்கன், நீர்மருது, நாவல், இலுப்பை போன்றவை கிளையோடு கிளை சேரும் தோப்புக்கும் உள்ள வேறுபாடு இங்கே அழகு பற்றியது மட்டுமன்று. வெப்பத்தைக் குறைப்பதும், பறவையையும் சிறு உயிர்களையும் காப்பதும், மண்ணை இறுக்கிப் பிடிப்பதும் தோப்பே. இரவு முழுதும் எரியும் உயர்கோபுர விளக்குகளும், உணவுக்கூடத்துக் குப்பையும் காட்டோரத்தில் எத்தகைய விளைவைத் தரும் என்பதும் திட்டக் குழுவின் கேள்விகளில் சேர வேண்டும்.

பராமரிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் தமிழ் மண்ணில் அதற்கென வலுவான மரபு இருந்தும் கல்வி நிறுவனங்கள் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரின் பெருமை அதன் பதினொரு நிலைக் கோபுரத்தோடு நின்றுவிடவில்லை. ஆண்டாள் கண்டெடுக்கப்பட்ட இடம் என்று போற்றப்படுவது பெரியாழ்வார் நாள்தோறும் பேணிய நந்தவனம். ஊரின் முதல் நினைவே தோட்டக்காரரின் உழைப்பு பற்றியது. கோயில்களில் ‘கட்டளை’ என்ற ஏற்பாடு உண்டு: விளக்கெரிக்கவோ பூத்தொடுக்கவோ ஒரு நிலத்தை எழுதிவைத்தால், அந்நிலத்தின் விளைச்சல் அந்தப் பணிக்கு மட்டுமே செல்லும். கண்மாய்களுக்குக் ‘குடிமராமத்து’ இருந்தது: பாசனம் பெறும் குடிகளே கூடி ஆண்டுதோறும் கரையைச் செப்பனிட்டு மடையைத் தூர்வாருவர். வலுவிழந்துபோன அம்முறைக்குத் தமிழ்நாடு அரசு 2017-இல் மீண்டும் உயிர் கொடுக்க முயன்றது. இவ்விரண்டிலும் தேர்ந்த நிதியறிவு இருக்கிறது. கட்டியவர் மறைந்த பின்னும் பணி நிற்காதபடி வருவாயைத் தனியே கட்டிவைப்பது ஒன்று. பயன்பெறுவோரே உழைப்பில் பங்கேற்பது மற்றொன்று. புதிய கட்டடம் ஒன்றுக்கு நன்கொடை பெறும் பல்கலைக்கழகம், அந்நன்கொடையின் ஒரு பகுதியை அக்கட்டடத்தின் கட்டளையாக வைப்பு நிதியில் போட்டு, வட்டியை அதன் கூரைக்கும் குழாய்க்கும் மின்கம்பிக்கும் மட்டுமே செலவிடுவது என்று விதி வகுத்துக்கொள்ளலாம். கல்வெட்டில் பெயர் பொறிக்க விரும்பும் கொடையாளர்களிடம் இதைப் பேசுவது எளிதன்று. ஆனாலும் பேசத்தக்க முதல் விஷயம் இதுவே. பராமரிப்பைச் செய்யும் மின்பணியாளர், குழாய்ப் பணியாளர், தோட்டக்காரர், தூய்மைப் பணியாளர் ஆகியோர் ஒப்பந்தக்காரர் மாறுந்தோறும் மாறினால், எந்தக் குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்ற அறிவும் அவர்களோடு வெளியேறிவிடும். அவர்களை நிலையான பணியாளர்களாக வைத்துக்கொள்வதும் திட்டமிடலே.

இனி மாணவரின் கோணம். செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென்றே பொறியியல் பட்டப்படிப்பைத் தொடங்கி நடத்துவது கிருஷ்ணன்கோவில் வளாகத்தின் தனித்தன்மை. இந்தியாவில் இத்தகைய முயற்சி அரிது. அது அந்த வட்டாரத்துக்கே பெருமை. அதே சமயம் வளாக வடிவமைப்புக்கு அது ஒரு திசையையும் தருகிறது. வாஷிங்டனில் 1864 முதல் இயங்கும் காலடெட் பல்கலைக்கழகமும் சிறியதே. அங்கே 2005 முதல் செவித்திறன் குறைந்தோரின் வாழ்க்கை அனுபவத்திலிருந்து கட்டட நெறிகள் தொகுக்கப்பட்டன. சைகைமொழியில் பேசிக்கொண்டே இருவர் பக்கம்பக்கமாக நடக்க அகன்ற நடைபாதை வேண்டும். ஒருவர் கையையும் முகத்தையும் மற்றவர் தெளிவாகக் காணக் கூசாத பரவலான வெளிச்சம் வேண்டும். வகுப்பில் எல்லாரும் எல்லாரையும் பார்க்க அரைவட்ட இருக்கை வேண்டும். செவிக்கருவி அணிந்தோரை எதிரொலி துன்புறுத்தாத சுவர் வேண்டும். அபாய மணி ஒலிப்பதோடு விளக்காகவும் மின்ன வேண்டும். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கல்வி நிறுவனக் கட்டடங்கள் அனைவரும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் சட்டம் கேட்கும் சாய்தளத்தோடு நின்றுவிடாமல், இம்மாணவர்களையே வடிவமைப்புக் குழுவில் அமர்த்தினால், அவர்களுக்காகச் செய்யப்படும் அகன்ற பாதையும் நல்ல வெளிச்சமும் வளாகத்தில் உள்ள எல்லாருக்கும் பயன்படும்.

ஆராய்ச்சியிலும் சிறிய நிறுவனம் எல்லாவற்றையும் செய்ய முயல்வதைவிடச் சிலவற்றில் ஆழ்வதே பொருந்தும். கிருஷ்ணன்கோவிலில் 2004-இல் தொடங்கப்பட்ட கோட்டுருவியல், சேர்மானவியல் ஆய்விதழ் பன்னாட்டுப் பதிப்பகங்கள் வழியாக இன்றும் வெளிவருகிறது. பழைய பொறியியல் கல்லூரியின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமே இப்போதும் அதன் தலைப்பில் நிற்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் உதவியோடு அங்கே தனிநிலைக் கணிதத்துக்கு ஓர் உயராய்வு மையமும் அமைந்தது. கோட்டுருவியல் என்பது புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கணிதப் பிரிவு. அதற்குக் கோடி ரூபாய்க் கருவிகள் வேண்டியதில்லை, நல்ல நூலகமும் கரும்பலகையும் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் தங்கும் அறிஞர்களும் வேண்டும். சிற்றூரில் அமைந்த பல்கலைக்கழகம் எதில் முன்னேற முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. அறிஞர்கள் தங்க வேண்டுமானால் அவர்களுடைய குடும்பங்களுக்கு வீடும், பிள்ளைகளுக்குப் பள்ளியும், துணைவருக்கு வேலையும் வேண்டும். ஆசிரியர் குடியிருப்பு ஆய்வகத்துக்கு நிகரான ஆராய்ச்சிச் செலவு என்பதைத் திட்டங்கள் அரிதாகவே ஒப்புக்கொள்கின்றன.

இவற்றை இரு ஊர்களிடமிருந்தும் பிரித்துப் பார்க்க இயலாது. ராஜபாளையம் நூற்பாலைகளுக்கும் மருத்துவத் துணி உற்பத்திக்கும் பெயர்பெற்றது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. துணித்தரச் சோதனை, பால்பொருள் பாதுகாப்பு, ஆலைகளின் மின்சிக்கனம் ஆகியவை இங்கே அடுத்த தெருவின் கேள்விகள். 2018-இல் மத்திய அரசு வளர்ச்சி வேண்டும் மாவட்டங்களுள் ஒன்றாக விருதுநகரைத் தேர்ந்தபோது, கல்வியும் நீரும் அதன் அளவைகளில் இருந்தன. திண்டுக்கல் பக்கம் சிறுமலை அடிவாரத்தில் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் வளர்த்த காந்திகிராம கிராமிய நிறுவனம் 1956-இல் தொடங்கி 1976-இல் நிகர்நிலை பெற்றபோது, சுற்றுக் கிராமங்களைத் தன் பாடசாலையாகவே கொண்டிருந்தது. ராஜபாளையத்தில் 2013-இல் தோன்றிய ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரியும், ராஜுக்கள் கல்லூரியும், கிருஷ்ணன்கோவில் வளாகமும் விலையுயர்ந்த கருவிகளையும் நூலகச் சந்தாக்களையும் பகிர்ந்துகொண்டால் மூன்றும் மிச்சப்படுத்தலாம். போட்டியிடும் நிறுவனங்களுக்கு இது கசப்பாக இருக்கலாம், ஆயினும் கணக்கு அதைத்தான் சொல்கிறது. திருமங்கலத்திலிருந்து தென்காசி வழியாகச் செல்லும் 744-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய வளாகத்துக்கு, மாணவர் சாலையைக் கடக்கும் இடமும் பேருந்து நிற்கும் நிழற்குடையும் வாயில்வளைவைவிட அவசரமானவை.

இத்தனையையும் யார் முடிவு செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. நிகர்நிலை நிறுவனங்களின் விதிமுறைகளில் திட்டமிடல் மற்றும் கண்காணிப்புக் குழு என்ற அமைப்புக்கு இடமுண்டு. அதில் துணைவேந்தரும் பேராசிரியர்களும் வல்லுநர்களும் அமர்கின்றனர். மாணவரும் தோட்டக்காரரும் விடுதிக் காப்பாளரும் பக்கத்து ஊர்க் கண்மாய்ப் பாசனத்தாரும் அமர்வதற்கான வழியை நிறுவனம் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கெடிஸும் அலெக்சாண்டரும் பரிந்துரைத்த நாடிபார்ப்பை இங்கே தொடங்க ஏற்ற மாதம் ஐப்பசி. முதல் கனமழை பெய்த மறுநாள் காலையில், வளாக வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அக்குழு முழுவதும் ஒருமுறை நடந்து, நீர் தேங்கிய இடம், கூரை ஒழுகிய அறை, ஓடை மறிபட்ட மூலை, மாணவர் சேற்றில் இறங்கி நடந்த குறுக்குப்பாதை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால், அடுத்த ஆண்டுக்கான செலவுப் பட்டியலின் முதல் பக்கம் அங்கேயே எழுதி முடிந்துவிடும். பத்து ஆண்டுகளின் பத்து வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, எந்த இடத்தில் எக்காலத்திலும் கட்டக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.